லீவு விட்டாச்சு! பிள்ளையை யார் பார்ப்பது?

காலை எட்டு மணி. திருப்பூர் வீதிகளில் டிபன் பாக்சும் கையுமாகப் பெண்கள் விரைகிறார்கள். எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனியில் மெஷின் ஓடத் தொடங்கி விடும். ஓவர்லாக் தைப்பவர்கள், கைமடிப் பெண்கள், பிசிறு வெட்டுபவர்கள் என்று எத்தனையோ பேர். ஒன்றரை ஷிப்டு பார்த்தால் வீடு திரும்ப இரவு எட்டு மணிக்கு மேல் ஆகி விடும்.

பள்ளி நடக்கும் நாட்களில் எப்படியோ சமாளித்து விடுகிறார்கள். பகலில் பிள்ளை வகுப்பில் இருக்கிறது. மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கண் பார்த்துக் கொள்கிறார்.

மே மாதம் வந்தால் கதையே வேறு. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. கம்பெனிக்குப் பூட்டு இல்லையே!

பாட்டியும் வேலைக்குப் போகிறாள்

"ஊரில் பாட்டி வீட்டில் விட்டால் ஆயிற்று" என்று சொல்வது எளிது. திருப்பூரில் பலர் தென் மாவட்டங்களில் இருந்து பிழைக்க வந்தவர்கள். பாட்டி ஊரில்தான் இருக்கிறாள். ஆனால் அவளுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுதான். அவளும் விடிந்ததும் களை வெட்டப் போகிறாள். ஊரில் கிணறும் குட்டையும் இருக்கின்றன. கோடையில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத ஆண்டு உண்டா?

ஆகவே சிலர் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி விட்டுப் போகிறார்கள். பதினொரு வயது அக்காள் நாலு வயதுத் தம்பிக்குத் தாயாகி விடுகிறாள். அவளுக்கும் அது விடுமுறைதான் என்பதை யார் நினைக்கிறார்கள்?

ஆறு வயதோடு நின்ற சட்டம்

தாய் வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பது சட்டத்துக்குத் தெரியாதது அல்ல. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே குழந்தைகள் காப்பகம் வைக்கச் சொன்னது. முதலில் 50 பெண்களுக்கு மேல் இருந்தால் என்று இருந்தது. 1976-ல் அதை 30 என்று குறைத்தார்கள். 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்யும் இடங்களில் எல்லாம் காப்பகம் வேண்டும் என்றார்கள். தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்த்து வரலாம். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றிலும் காப்பகம் உண்டு.

ஆனால் தொழிற்சாலைக் காப்பகம் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். அங்கன்வாடியும் ஆறு வயதோடு சரி. அதற்கு மேல் பிள்ளை பள்ளிக்குப் போய் விடும் என்று கணக்குப் போட்டு விட்டார்கள். பள்ளிக்கு விடுமுறை உண்டு என்பதை மறந்தே போனார்கள்!

ஒரே ஒரு சட்டத்துக்கு அது ஞாபகம் வந்தது. அது 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் உதவி செய்யலாம் என்கிறது அது. விடுமுறையில் வேலை செய்ய வழி சொன்னார்கள். விளையாட இடம் சொல்லவில்லை.

எட்டு நாள் கூலி

2023-ம் ஆண்டு வெயில் தணியவில்லை. ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் ஜூன் 5-ல் திறப்பதாக இருந்தது. பிறகு ஜூன் 7 என்றார்கள். கடைசியில் ஜூன் 14-ல்தான் திறந்தது. அந்த வெயிலில் சின்னஞ்சிறு பிள்ளைகளை வகுப்பில் அடைக்காதது நல்லதே. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தால் எட்டு வேலை நாள். வாரச் சம்பளக்காரிக்கு, போகாத நாளுக்குக் கூலி கிடையாது. எட்டு நாள் கூலி போனால் வாடகைக்கு எங்கே போவது?

வெளியில் போகும் பணம் இப்படி. வீட்டில் கூடும் செலவு வேறு. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கினார். 2022-ல் காலை உணவும் வந்தது. இரண்டும் பள்ளி நாட்களுக்குத்தான். மே மாதத்தில் பிள்ளையின் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் வீட்டுச் செலவாகி விடுகின்றன. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. அப்படியானால் விடுமுறையில் பள்ளி அடுப்பை மூட்ட முடியாது என்பதில்லை.

ஆபீஸ் போகும் அம்மாக்களுக்குக் கோடை முகாம்கள் இருக்கின்றன. பணம் ஆயிரக் கணக்கில் ஆகிறது. பத்து மணிக்குப் பிள்ளையை விட்டால் பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் திரும்ப அழைத்து வர வேண்டும். அதற்கு யார் போவது? (அப்பா போகலாமே என்று கேட்டால் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.)

பூட்டிக் கிடக்கும் பள்ளி

2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. அந்தந்தத் தெருவில் இருந்தே தன்னார்வலர்கள் வந்தார்கள். மாலை வேளையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பெற்றோர் நம்பிப் பிள்ளைகளை விட்டார்கள். ஆக, பார்த்துக் கொள்ள ஆள் இல்லை என்றும் சொல்வதற்கில்லை.

இடமும் இருக்கிறது. தெருக்கோடி அரசாங்கப் பள்ளி மே மாதம் முழுவதும் பூட்டிக் கிடக்கிறது. சமையல் அறை இருக்கிறது. குழாய் இருக்கிறது. நிழலுக்கு வேப்ப மரம் இருக்கிறது. காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணி வரை பிள்ளைகளைப் பார்க்க, மாற்றி மாற்றி மூன்று நாலு பேர் வேண்டும். அவர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்தைக் கொடுப்பது அரசாங்கமா, கம்பெனி முதலாளிகளா, இருவரும் சேர்ந்தா? அதைத்தான் அடுத்த மே மாதத்துக்குள் பேசி முடிக்க வேண்டும்.