'போர்டு போயிருச்சுங்க' என்று சொல்வதற்கு முன்னால்...

கிணத்துக்கடவு பக்கம் தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால் யாரும் உடனே புது மோட்டார் வாங்கக் கிளம்புவதில்லை. மூன்று பேஸும் வருகிறதா என்று முதலில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் பீஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டரில் ஏதாவது கருகியிருக்கிறதா, கண்டென்சர் வீங்கியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் 'காயில் போயிருக்கும் போல' என்ற பேச்சே வரும். பள்ளிக்கூடமே போகாத பெரியவர்கள்கூட இதைச் செய்வார்கள். கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன மாவட்டம், அதனால் ஆச்சரியமும் இல்லை.

ஆனால் அதே வீட்டில் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் கதையே வேறு! "கரண்ட் போய்ட்டு வந்துச்சுங்க, அப்புறம் ஆன் ஆகலீங்க" என்று பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார்கள். "போர்டு போயிருச்சுங்க, இந்த மாடலுக்கு இப்ப கிடைக்காது, புதுசா வாங்கிக்கங்க" என்று அங்கே ஒரே வரியில் தீர்ப்பு வருகிறது. போர்டு நிஜமாகவே போயிருக்கலாம். ஆனால் போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போயிருந்தால்? அதைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. மோட்டாரிடம் காட்டும் அறிவைக் கம்ப்யூட்டரிடம் காட்டாமல் விடுவதுதான் இங்கே பிரச்சினை.

எஸ்.எம்.பி.எஸ். என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி.யை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றிக் கொடுக்கும் தகரப் பெட்டி. வெளியிலிருந்து வருகிற அடியை முதலில் வாங்குவது அதுதான். தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டுக் காலத்தில், கோவைப் பக்கம் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்கள் உண்டு. இன்று அந்த நிலை இல்லை. ஆனால் கோடை மழையில் இடி இடித்தால், காற்றில் தென்னை மட்டை லைனில் விழுந்தால், கரண்ட் போய்ப் போய் வருவது இன்றும் உண்டுதானே. போதாததற்கு உள்ளே இருக்கும் கண்டென்சர்களுக்குச் சூடு ஆகாது. 10 டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் போடும் கணக்கு. தூசி அடைத்து ஃபேன் சுற்றாத பெட்டி எத்தனை நாள் தாங்கும்?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? மோட்டாருக்குச் செய்வது போலவே வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

முதலில் அதே பிளக்கில் ஒரு டேபிள் லேம்ப் எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து ஒயர். பெரும்பாலான மானிட்டருக்குப் போகும் பவர் ஒயரும் சி.பி.யு.வுக்குப் போகும் ஒயரும் ஒரே மாதிரிதான், மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பெட்டியின் பின்பக்கச் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பெட்டிகளில் 115/230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 230-ல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளி ஆன் செய்தால் பெட்டி காலி!

அதற்குப் பிறகும் உயிர் இல்லையா? கரண்டை எடுத்துவிட்டு, போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயர் ஒன்றையும் சின்னக் கம்பியால் இணைத்து, பிறகு கரண்ட் கொடுத்தால் எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவே இல்லை என்றால் சந்தேகம் அதன் மேல்தான். சுற்றினால் மட்டும் நல்ல பெட்டி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 காட்ட வேண்டும், 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, லோடு ஏறியதும் படுத்துவிடும் பெட்டிகளும் உண்டு. கேம் போட்டதும் ரீஸ்டார்ட் ஆகிற கம்ப்யூட்டருக்கு இதுவும் ஒரு காரணம். கடைசிச் சோதனை, நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது. அதிலும் ஆன் ஆகாவிட்டால் அப்புறம் ராம், போர்டு என்று போகலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். கம்பி வைத்துப் பார்க்கப் பயமாக இருந்தால் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள், தப்பே இல்லை.

"இவ்வளவு எதற்கு, கடைக்காரரை நம்பக் கூடாதா?" என்று கேட்கலாம். நேர்மையான மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரச்சினை ஆளிடம் இல்லை, நிலைமையில் இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கைத் துரத்திவிடும் என்று ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-லேயே பழைய கார்களை வைத்து எழுதினார், 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று போட்டுவிட்டு, அதில் பாதி லோடுக்கே திணறுகிற மலிவுப் பெட்டிக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தும். பிராசசருக்கும் ராமுக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, அதையெல்லாம் காப்பாற்ற வேண்டிய பெட்டியில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

தக்காளி மண்டிக் கணக்கோ, தேங்காய் வியாபாரத்தின் பில்லோ, பிள்ளையின் காலேஜ் ப்ராஜெக்டோ அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது. 'பெட்டியே போச்சு' என்று கேட்டதும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துப் பழைய விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். போனால் டிஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். தூக்கிக் கொடுத்தால்தான் போகும்.

எனவே கடைக்குப் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள். "வேற எஸ்.எம்.பி.எஸ். போட்டுப் பார்த்தீங்களா? கழட்டுன பழசைக் கொடுப்பீங்களா?" மோட்டார் காயில் கட்டக் கொடுத்துவிட்டுக் கருகிய பழைய கம்பியைக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு இதைக் கேட்பதில் என்ன கூச்சம்?