'டாக்டர் ஹூ' தீம் மியூசிக்: பெயர் போடவே 50 வருஷம் ஆனது ஏன்?

'மிஷன் இம்பாசிபிள்' டியூனைக் கேட்டதும் நமக்கு டாம் குரூஸ் ஞாபகம்தான் வரும். ஆனால் அந்த டியூன் அவரோட படத்துக்குப் போட்டது இல்லை. 1966-ல் அமெரிக்க டிவியில் தொடங்கிய தொடருக்காக லாலோ ஷிஃப்ரின் இசையமைத்தது. 1996-ல் அந்தத் தொடர் படமானபோது, டியூனும் கூடவே வந்துவிட்டது.

பழைய தொடரைத் தூசி தட்டி எடுப்பவர்கள் நடிகர்களை மாற்றுவார்கள், கதையை மாற்றுவார்கள். தீம் மியூசிக்கில் கை வைக்க மட்டும் யோசிப்பார்கள். 2010-ல் 'ஹவாய் ஃபைவ்-ஓ' தொடரைத் திரும்பக் கொண்டு வந்தபோது, மோர்டன் ஸ்டீவன்ஸின் பழைய டியூனை கிட்டார், சிந்தசைசர் சேர்த்து நவீனமாக்கிப் பார்த்தார்கள். அது ஒளிபரப்புக்கு முன்பே வெளியே கசிய, ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். கடைசியில் பழைய பாணியிலேயே இசைக்கலைஞர்களை வைத்து மறுபடி பதிவு செய்ய வேண்டி வந்தது.

இத்தனைக்கும் மெட்டு அதேதான். அப்புறம் ஏன் கோபம்? காதில் பதிந்து போனது மெட்டு மட்டும் இல்லை, அந்தச் சத்தமும்தான். இந்த விஷயம் பளிச்சென்று தெரிவது பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில். அங்கே மெட்டு போட்டவர் ஒருவர், சத்தத்தை உருவாக்கியவர் இன்னொருவர்.

கத்தரியும் டேப்பும்

'டாக்டர் ஹூ' பிபிசியில் முதலில் ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23. தீம் மியூசிக் எழுதியவர் ஆஸ்திரேலிய இசையமைப்பாளர் ரான் கிரெய்னர். அவர் கொடுத்தது சுருக்கமான ஒரு சுரக்குறிப்புதான். எந்த இடத்தில் காற்று மாதிரி, எந்த இடத்தில் குமிழி மாதிரி கேட்கணும் என்று சில வார்த்தைகளும் அதில் இருந்தன. அதை வைத்துக்கொண்டு இசையாக்க வேண்டிய வேலை, பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் இருந்த டீலியா டெர்பிஷயரிடம் வந்தது.

கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர் டீலியா. படிப்பு முடித்ததும் ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் பெண்களை எடுப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் பிபிசி.

அன்றைக்குக் கடையில் வாங்கக் கிடைக்கும் சிந்தசைசர் எதுவும் கிடையாது. கருவிகளைச் சோதிக்க ஸ்டூடியோவில் வைத்திருக்கும் ஆஸிலேட்டர், ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது 'ஸ்ஸ்' என்று வருமே அந்த மாதிரி இரைச்சல், மீட்டிப் பதிவு செய்த ஒற்றைக் கம்பியின் ஒலி. அவர் கையில் இருந்தது இவ்வளவுதான். உதவிக்கு டிக் மில்ஸ். டேப்பை வேகமாக ஓட்டினால் சுரம் மேலே போகும், மெதுவாக ஓட்டினால் கீழே வரும். அப்படி ஒவ்வொரு சுரமாகச் செய்து, டேப்பை அளந்து வெட்டி, ஒட்டினார்கள். மல்டி டிராக் வசதி இல்லாததால் பல டேப் மெஷின்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரு இடத்தில் ஒட்டு பிசகினாலும் எல்லாமே தாளம் தப்பும்.

இன்றைக்கு மொபைல் ஆப்பில் சில நிமிஷத்தில் செய்கிற வேலை என்று தோன்றலாம். ஹெட்போன் போட்டு அந்த 1963 பதிவை ஒருமுறை கேளுங்கள், அப்படிச் சொல்ல மனசு வராது.

பெயர் எங்கே?

கேட்டு அசந்துபோன கிரெய்னர், வருமானத்தில் டீலியாவுக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். நடக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் பிபிசியின் மாதச் சம்பள ஊழியர்கள். அவர்கள் பெயரைத் தனியாகப் போடும் வழக்கம் இல்லை, துறையின் பெயர்தான் திரையில் வரும். அதனால் இசையமைப்பாளர் என்ற பெயரும் ராயல்டியும் கிரெய்னருக்கு மட்டுமே போயின. 1973-ல் டீலியா பிபிசியை விட்டே விலகிவிட்டார்.

இளையராஜா தொடர்பான வழக்குகளைக் கவனித்தவர்களுக்கு இதில் ஒரு பாதி தெரிந்த கதைதான். மெட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறு உரிமை. அங்கே சண்டை இசையமைப்பாளருக்கும் பதிவு நிறுவனத்துக்கும். டீலியா இந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. மெட்டு கிரெய்னருடையது, பதிவு பிபிசியுடையது. கத்தரியோடு உட்கார்ந்தவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

2005-ல் என்ன செய்தார்கள்?

1989-ல் நின்றுபோன தொடரை 2005 மார்ச்சில் ரஸ்ஸல் டி டேவிஸ் மறுபடி கொண்டு வந்தார். புது இசையமைப்பாளர் மர்ரே கோல்ட். மெட்டு மட்டும் போதும் என்றால், ஆர்கெஸ்ட்ராவை வைத்து முதலிலிருந்து வாசித்திருக்கலாம். சுரக்குறிப்பு இருந்ததே. அவர் அப்படிச் செய்யவில்லை. டீலியா செய்த 1963 பதிவிலிருந்தே ஒலிகளை எடுத்து, அதன் மேல் வயலின் வகைக் கருவிகளின் வேகமான இசையை ஏற்றினார். 1980-ல் பீட்டர் ஹோவெல் முழுக்க சிந்தசைசரில் செய்த பதிப்பு ஏற்கெனவே இருந்தும், கோல்ட் போய் நின்றது 1963 டேப்பில்தான்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். டீலியா 'எழுதிக் கொடுத்ததை வாசித்தவர்' மட்டும் என்றால், 42 வருஷம் கழித்து அவர் பதிவைத் தேடிப் போக எந்தத் தேவையும் இல்லை. மெட்டை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். அந்தச் சத்தத்துக்கு அவரிடம்தான் போக வேண்டியிருந்தது. ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை. 2001 ஜூலையில் இறந்துவிட்டார்.

தொடரின் 50-வது ஆண்டு நிறைவுக்காக 2013 நவம்பர் 23 அன்று வந்த 'தி டே ஆஃப் தி டாக்டர்' சிறப்பு எபிசோடில்தான், தீம் மியூசிக்குக்காக கிரெய்னரோடு சேர்த்து டீலியா டெர்பிஷயர் பெயரும் முதல்முறையாகத் திரையில் வந்தது. 2017-ல் அவர் பிறந்த ஊரான கோவென்ட்ரியின் பல்கலைக்கழகம், மறைவுக்குப் பிறகான கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அடுத்த வருஷமே தொடருக்கு இன்னொரு இசையமைப்பாளர் வந்தார், செகுன் அகினோலா. ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டராக நடித்த சீசன் அது. பழையதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க நல்ல வாய்ப்புதான். அவரும் எடுத்தது அதே 1963 ஒலிகளைத்தான்.