தெசலோனிக்கியில் நான்கு நாட்கள்: "பள்ளியா, தேவாலயமா?" என்று கேட்டவர்களுக்கு



கடந்த பாடசாலை விடுமுறையில் நாங்கள் கணவன் மனைவி இருவரும் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரத்துக்குப் போய் நான்கு நாட்கள் இருந்துவிட்டு வந்தோம். நானா குடும்பம் ஜேர்மனியில் இருப்பதால் அவர்களைப் பார்க்கப் போன இடத்தில், அங்கிருந்து மலிவான விமானச்சீட்டு கிடைத்தது. இல்லாவிட்டால் ஆசிரியர் சம்பளத்தில் நினைத்தும் பார்க்க முடியாது.

படங்களைப் போட்டதும் நிறையப் பேர் மாஷா அல்லாஹ் சொன்னீர்கள். சிலர் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்டீர்கள். ஒன்று: "பள்ளிவாசலைப் பூட்டி மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள், அதையா காசு கொடுத்துப் பார்த்தீர்கள்?" மற்றது: "யூதர்களின் நினைவுச் சின்னத்தில் உங்களுக்கு என்ன வேலை?" இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். கி.மு. 315இல் கசாந்தர் என்ற அரசன் உருவாக்கிய துறைமுக நகரம் இது. மாவீரன் அலெக்சாந்தரின் சகோதரி முறையான தன் மனைவியின் பெயரையே அவன் நகரத்துக்கு வைத்தான். பிறகு ரோமர், பைசாந்தியர் என்று பலர் ஆண்டார்கள். 1430இல் உஸ்மானியர் கைப்பற்றினார்கள். 1912இல் கிரேக்க இராணுவம் உள்ளே வரும் வரை, 482 ஆண்டுகள் இது 'செலானிக்' என்ற உஸ்மானிய நகரம். துருக்கியின் முஸ்தபா கமால் பிறந்த வீடும் இங்கேதான், இன்று நூதனசாலையாக இருக்கிறது.

இப்போது முதல் கேள்வி. நாங்கள் போட்ட படத்தில் மினாராவோடு இருக்கும் அந்தப் பெரிய வட்டக் கட்டடத்தின் பெயர் ரொட்டுண்டா. பலர் அதைப் பள்ளிவாசல் என்றே நினைத்தீர்கள். அது பள்ளிவாசலாக இருந்தது உண்மை. ஆனால் கட்டப்பட்டது பள்ளிவாசலாக அல்ல. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலேரியஸ் என்ற ரோமப் பேரரசன் கட்டியது. கோயிலாகக் கட்டினானா, தன் கல்லறைக்காகக் கட்டினானா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. பிறகு அது கிறிஸ்தவத் தேவாலயம் ஆனது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படி இருந்தது. 1590-91 அளவில்தான் பள்ளிவாசல் ஆக்கப்பட்டது. 1912க்குப் பின் மீண்டும் தேவாலயம். இன்று யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் உள்ள நினைவுச் சின்னம்.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால், குவிமாடத்தின் அடிப்பகுதியில் பொன்னிறச் சிறு கற்களால் ஆன மனித உருவங்கள். எல்லோரும் இரு கைகளையும் உயர்த்திப் பிரார்த்திக்கிறார்கள். நாங்கள் துஆக் கேட்கும்போது கைகளை ஏந்துவது நினைவுக்கு வந்தது. வெளியே வந்தால் மினாரா. 1920களில் நகரத்தின் மற்ற மினாராக்களை இடித்தபோது தப்பி நின்றது இது ஒன்றுதான்.

அந்த இடத்தில் நின்றபோது எங்களுக்குத் தோன்றியது இதுதான்: "எங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள்" என்று சொல்வதானால், "எங்கள் ஆட்கள் யாரிடமிருந்து எடுத்தார்கள்" என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அதே நகரத்தின் புனித டிமித்ரியோஸ் தேவாலயம் 1493 அளவில் பள்ளிவாசல் ஆக்கப்பட்டது. 1912இல் திரும்பக் கொடுக்கப்பட்டது. 1917 ஓகஸ்டில் 70,000க்கும் மேற்பட்டோரை வீடிழக்கச் செய்த பெருந்தீயில் எரிந்து, பிறகு திருத்திக் கட்டப்பட்டது. கட்டடத்தின் முழு வயதையும் சொல்லாமல், எங்களுக்குப் பிடித்த 300 ஆண்டுகளை மட்டும் வெட்டி எடுத்துச் சொல்வது வரலாறு அல்ல. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் எங்களுக்கு அது நேர்மையும் அல்ல.

அதற்காக முஸ்லிம்களின் இழப்பு பொய்யென்று சொல்லவில்லை. எக்னாசியா வீதியில், புதிய மெட்ரோவின் வெனிசெலு நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஹம்சா பே பள்ளிவாசல் இருக்கிறது. 1467-68இல் கட்டப்பட்டது. பிற்காலத்தில் அது கடைகளாகவும் திரையரங்காகவும் ஆனது. பள்ளிக்குள் சினிமா! இதைக் கேட்டால் மனம் நோகத்தான் செய்கிறது. அதே சுற்றாடலில் உஸ்மானியர் கட்டிய ஆறு குவிமாடத் துணிச்சந்தை இன்றும் துணிச்சந்தையாகவே நடக்கிறது. சுல்தான் இரண்டாம் முராத் 1444இல் கட்டிய ஹம்மாம் 1968 வரை குளியலறையாகவே இயங்கியது. 1902இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் விட்டாலியானோ பொசெல்லி வடிவமைத்துக் கட்டிய 'புதிய பள்ளி' நூதனசாலையாகி, இப்போது கண்காட்சி மண்டபமாக இருக்கிறது. 2024 நோன்புப் பெருநாள் அன்று அங்கே தொழுவதற்கு அனுமதி கொடுத்தார்கள்.

சரி, அந்தப் பள்ளிகளில் தொழுத மக்கள் எங்கே?

இதுதான் எங்கள் பயணத்தின் மையக் கேள்வி. 1923 ஜனவரி 30ஆம் திகதி லொசானில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி துருக்கியிலிருந்த ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்கு திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. 1922 போரிலேயே ஓடி வந்தவர்களையும் சேர்த்தால் சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்தப் பக்கம் போனார்கள். "போக விருப்பமா?" என்று யாரும் கேட்கவில்லை.

இதில் கவனியுங்கள். ஆட்களைப் பிரித்தது மொழியை வைத்து அல்ல, மார்க்கத்தை வைத்து. வீட்டில் துருக்கி மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கிரேக்க மொழி மட்டுமே தெரிந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பக்கத்து வீட்டாரோடு பேச மொழியில்லாமல் எத்தனை குடும்பங்கள் தவித்திருக்கும்! தமிழைத் தாய்மொழியாகப் பேசியும் "நீங்கள் வேறு" என்று சொல்லப்பட்ட எங்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தெசலோனிக்கியின் மேட்டுப் பகுதியான அனோ போலியில் நடந்தோம். 1917 தீ அங்கே எட்டவில்லை. மரத்தாலான மேல்மாடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பழைய வீடுகள், ஒடுங்கிய ஒழுங்கைகள். முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதி அது. அவர்கள் போன பின் அங்கே குடியேறியவர்களில் அனாதோலியாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த அகதிகள் நிறையப் பேர். வீட்டை இழந்தவர், வீட்டை இழந்தவரின் வீட்டில் அடுப்பு மூட்டினார். இதில் யாரை எதிரி என்பது? காலையில் நாங்கள் விரும்பிச் சாப்பிட்ட புகாட்சா என்ற பால்கிரீம் பண்டத்தை அந்த ஊரெங்கும் பரப்பியவர்கள் இந்த அகதிகள்தான் என்கிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. யூதர்கள்.

1492இல் கிரனடா வீழ்ந்ததை நாங்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் சொல்லி வருகிறோம். அதே ஆண்டு அதே அரசர்கள் ஸ்பெயினிலிருந்து யூதர்களையும் வெளியேற்றினார்கள். அவர்களுக்குக் கதவு திறந்தவர் சுல்தான் இரண்டாம் பாயஸீத். பெரும் எண்ணிக்கையில் அவர்கள் வந்து குடியேறிய இடம் இந்த நகரம். 1913 கணக்கெடுப்பில் இங்கே முதலாவது பெரிய சமூகம் யூதர்கள், இரண்டாவது முஸ்லிம்கள், மூன்றாவதுதான் கிரேக்கர்கள். சனிக்கிழமைகளில் துறைமுகமே மூடப்பட்டிருந்ததாம். முஸ்லிம் ஆட்சியில் யூதர்கள் 400 ஆண்டுகளுக்கு மேல் தழைத்த ஊர் இது என்று பெருமையாகச் சொல்லக்கூடியவர்கள் நாங்கள்.

அப்படியானால் அந்த மக்களின் முடிவையும் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? 1942 டிசம்பரில், ஜேர்மன் நாசிகளின் ஆக்கிரமிப்புக் காலத்தில், லட்சக்கணக்கான கபுருகள் இருந்த அவர்களின் பழைய மையவாடி அழிக்கப்பட்டது. கற்கள் கட்டட வேலைக்கு எடுக்கப்பட்டன. 1943 மார்ச் முதல் ஓகஸ்ட் வரை 45,000க்கும் மேற்பட்டோர் ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். மிகச் சிலரே திரும்பினார்கள். மையவாடி இருந்த நிலத்தில் இன்று அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் நிற்கிறது. அங்கே ஒரு நினைவிடம் வைப்பதற்கே 2014 வரை ஆனது.

"பலஸ்தீனில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு இதற்கும் அழ வேண்டுமா?" என்று கேட்பீர்கள். காஸாவுக்காக இந்த ஊர் கேட்கும் துஆக்களில் நாங்களும் இருக்கிறோம். ஆனால் 1943இல் ரயிலில் ஏற்றப்பட்ட ஒரு தாயும் பிள்ளையும் இன்றைய எந்த அரசின் குற்றத்துக்கும் பொறுப்பல்ல. அவர்களுக்காக ஒரு நிமிடம் நின்றால் பலஸ்தீனுக்கான எங்கள் கண்ணீர் குறைந்துவிடாது. அநியாயம் யாருக்கு நடந்தாலும் அநியாயம் என்று சொல்பவன் சொல்லுக்குத்தான் உலகத்தில் மதிப்பிருக்கும். எங்கள் ஆளுக்கு நடந்தால் மட்டும் சத்தம் போட்டால், அது நீதி கேட்பது ஆகாது.

இதையெல்லாம் புத்தளத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்ட மக்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது எங்கள் மாவட்டத்துக்கு. கிணற்றுத் தண்ணீர், பாடசாலை இடம், வேலை என்று எல்லாவற்றிலும் இங்கே இருந்தவர்களும் நெருக்கடிப்பட்டார்கள். அந்தக் கதையை யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பாடமாகப் படிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கிறோம். நியாயமான கோரிக்கை. ஆனால் மற்றவர்களின் வெளியேற்றங்களைப் பற்றி எங்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் எங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

தெசலோனிக்கி இந்த விடயத்தில் முன்மாதிரி நகரம் என்று சொல்ல வரவில்லை. நெடுங்காலம் அது மறக்கத்தான் முயன்றது. நினைவுகளை மெல்ல மெல்லத்தான் வெளியே எடுக்கிறது. ஆனால் கட்டடங்கள் நின்றதால்தான் இன்று கேள்வி கேட்க முடிகிறது. அந்த ஒற்றை மினாராவையும் இடித்திருந்தால், அங்கே முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள் என்பதை உல்லாசப் பயணி ஒருவர் எப்படி அறிவார்?

ஆகவே உறவுகளே, அல்லாஹ் வசதி தந்து தம்பதியாக எங்காவது சுற்றுலா போகக் கிடைத்தால், துபாயோ, துருக்கியோ, நம்ம அனுராதபுரமோ, எங்கே என்றாலும், படம் எடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், சந்தோஷமாக இருங்கள். அதோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். எங்களுக்கு முன் இங்கே யார் இருந்தார்கள்? அவர்கள் ஏன் போனார்கள்? அவர்களின் இடத்துக்கு வந்தவர்கள் எதை இழந்துவிட்டு வந்தார்கள்?

விமானச்சீட்டு இல்லாதவர்களும் இந்தப் பயணத்தைப் போகலாம். 1990இல் முப்பது வயதில் வந்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. உங்கள் ஒழுங்கையிலும் ஒரு உம்மம்மாவோ வாப்பப்பாவோ இருப்பார்கள். அவர்கள் விட்டு வந்த தெருவின் பெயரை, பள்ளியின் பெயரை, பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் பெயரைக் கேட்டு, பிள்ளைகளை ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். இந்த வார விடுமுறையிலேயே செய்யுங்கள்.