தொழுகை எப்போது தாழ்ந்த சொல்லாயிற்று?

சென்ற நோன்பு மாதத்தில் நாமக்கல்லில் ஓர் இல்லத்தில் நோன்பு திறக்க அழைக்கப்பட்டிருந்தோம். பத்து வயதுச் சிறுவன், "அத்தா, தொழுகைக்கு நேரமாகிவிட்டது" என்றான். அருகிருந்த உறவினர், "தொழுகை என்று சொல்லாதே. நமாஸ் என்று சொல். அதுதான் இஸ்லாமியச் சொல்" என்று திருத்தினார். சிறுவன் நாணித் தலைகவிழ்ந்தான். விருந்தாளியாயிற்றே என்று நாமும் வாய்மூடி இருந்துவிட்டோம். அந்தப் பிழைக்காகவே இதனை எழுதுகிறோம்.

பெரியவரைக் கேட்கிறோம்: நமாஸ் எம்மொழிச் சொல்? அரபி அன்று, பாரசீகம். ரோஸாவும் அவ்வாறே. திருக்குர்ஆன் கூறுவன ஸலாத், ஸவ்ம். தொழுகையைக் கைவிட்டு நமாஸைப் பற்றியவர் திருமறைக்கு ஒரு சாண்கூட நெருங்கிவிடவில்லை. ஈரானியர் இஸ்லாத்திற்கு முன்பே தம்மிடமிருந்த வணக்கச் சொல்லை ஸலாத்துக்கு உரியதாக்கிக்கொண்டனர். நம் முன்னோரும் வள்ளுவர் ஆண்ட 'தொழு' என்னும் சொல்லை அவ்வாறே ஆக்கிக்கொண்டனர். அவர்களுக்கு ஆகுமானது நமக்கு மட்டும் ஆகாதோ? எந்தத் தூதரையும் அவருடைய சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பியதாக இப்ராஹீம் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அறிவிக்கிறதே!

உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட சகோதரர்கள் இவ்வட்டாரத்தில் பலர். அவர்கள் நமாஸ் என்பது அவர்கள் உரிமை. அவர்களோடு நமக்கு வழக்கில்லை. பாங்கு என்பதும் பாரசீகமே. நம் நாவில் ஊறிவிட்டது, இருக்கட்டும். இரவல் வாங்குவது குற்றமன்று. இரவலை அணிந்துகொண்டு சொந்த ஆடையை இழிவென்பதே குற்றம்.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாவைப் பாடிய உமறுப் புலவரின் ஈமான் குறைந்ததா? மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டங்களை அரபுத் தமிழில் எழுதினார். எழுத்து அரபு, மொழி தமிழ். பெண்மக்களும் மார்க்கம் அறிந்தது இத்தகைய நூல்களால்தான். கட்டாய இந்தி 1938இல் புகுத்தப்பட்ட நாட்களில் கலீபுல்லா சாஹிப், தாம் இராவுத்தர் என்றும், தம் தாய்மொழி தமிழே என்றும், அதில் வெட்கமில்லை, பெருமையே என்றும் சென்னைச் சட்டமன்றத்தில் எடுத்துரைத்தார். அவர் மன்றத்தில் சொன்னதை நாம் நம் வீட்டுக்குள் சொல்லக் கூசுகிறோம்.

இராசிபுரத்திலும் சேலத்திலும் மாலைதோறும் பாத்திரம் ஏந்தி வரும் பிறசமய அண்டை வீட்டாரும் 'நோன்புக் கஞ்சி' என்றே கேட்கின்றனர். 'ரோஸாக் கஞ்சி' கேட்டவரை நாம் இன்னும் கண்டதில்லை.

மக்தபுகளில் ஸலாத்தையும் தொழுகையையும் சேர்த்தே கற்பியுங்கள். அந்தப் பெரியவர் சிறுவனிடம் சென்று, "நீ சொன்னதே சரி, தம்பி" என்று கூறுவாராயின், அடுத்த நோன்பிலும் அவ்வில்லத்துக்கு மகிழ்ந்து வருவோம்.