கூடம் கோணல் இல்லை

"நாய்க்குப் பந்தயம்னா பரிசு என்னடி தருவான்? அண்டாவா, கட்டிலா?"

மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்டாள். வருஷா வருஷம் அலங்காநல்லூர் வாடிவாசலை டிவியில் கண்கொட்டாமல் பார்க்கிறவள், வேறு என்ன கேட்பாள்? "பச்சை ரிப்பன்மா" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இதுக்கா காலங்காத்தால நாலு மணிக்கு எழுந்து வண்டி ஓட்டிட்டுப் போறே?"

இதற்குத்தான். ஏழு வருஷமாக இதற்குத்தான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் மிளகைத் தெரிந்திருக்கும். கறுப்பு ஷெட்லாண்ட் ஷீப்டாக், பத்து வயது, வீட்டுக்குப் பெரியவன். சுண்டலை இப்போதுதான் அறிமுகப்படுத்துகிறேன். காப்பகத்திலிருந்து தத்தெடுத்த கலப்பினம், இரண்டு வயது, நிறமும் சுண்டல், குணமும் சுண்டல். தட்டில் ஓரிடத்தில் நிற்காது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், குதிரைப் பயிற்சிக்காகக் கட்டிய ஒரு பெரிய கொட்டகையில் அஜிலிட்டி போட்டி. முதன்முறையாக இரண்டு பேரையும் ஒரே நாளில் களத்தில் இறக்கினேன்.

குதிரைக் கொட்டகையில் நாய்க்கென்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்த விளையாட்டே குதிரையிடமிருந்து வந்ததுதான். 1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே கூட்டத்துக்குப் போரடிக்காமல் இருக்க, குதிரைகள் தடை தாண்டுவதைப் போல நாய்களைத் தாண்ட வைத்துக் காட்டினார்கள். இடைவேளைக்குப் போட்ட வேடிக்கை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இங்கே அமெரிக்கன் கென்னல் கிளப் 1994 முதல் நடத்துகிறது. 2010 முதல் சுண்டல் மாதிரி கலப்பினங்களுக்கும் இடம் உண்டு.

விளையாட்டு எளிதுதான். கம்பு தாண்ட வேண்டும். வளைந்து கிடக்கும் டனலுக்குள் புகுந்து மறுபக்கம் வர வேண்டும். கூரை மாதிரி நிற்கும் ஏ-ஃப்ரேமில் ஏறி இறங்க வேண்டும். குறுகலான பலகைப் பாலத்தில் ஓட வேண்டும். சீசா பலகை தரையைத் தொட்ட பிறகே இறங்க வேண்டும். நட்டுவைத்த கம்பங்களுக்கு நடுவே ஜடை பின்னுவது போல நுழைந்து நுழைந்து போக வேண்டும். பலகைகளின் அடிப்பகுதியில் மஞ்சள் பூசியிருக்கும். இறங்கும்போது அந்த மஞ்சளில் பாதம் பட்டாக வேண்டும். எல்லாம் நடுவர் போட்ட வரிசைப்படி, குறித்த நேரத்துக்குள்.

சிக்கல் எங்கே என்றால், அந்த வரிசை நாய்க்குத் தெரியாது. களத்தை அது முன்னே பின்னே பார்த்திருக்காது. நாங்கள் மட்டும் நாயில்லாமல் சில நிமிடங்கள் நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாம். பிறகு ஓடும்போது தொடக் கூடாது, தின்பண்டம் காட்டக் கூடாது. வாயும் கையும் காலும்தான்.

மிளகு ஓடுவது மாஸ்டர்ஸ் பிரிவில். 18 முதல் 20 தடைகள், 12 கம்பங்கள், 100-க்கு 100 எடுத்தால்தான் தேர்ச்சி. ஒரு கம்பு விழுந்தால் போச்சு. சுண்டலுக்கு நோவிஸ். 14 முதல் 16 தடைகள், ஆறே கம்பங்கள், 85 எடுத்தால் போதும். நோவிஸிலும் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். நாயும் புதிது, ஆளும் இதுவரை எந்த நாய்க்கும் பட்டம் வாங்கித் தந்ததில்லை என்றால் 'ஏ'. ஆள் பழையவர் என்றால் 'பி'. மிளகோடு நான் ஆரம்பித்தது 'ஏ'-யில். சுண்டலோடு பெயர் கொடுத்தபோது 'பி' என்று நிரப்பினேன். நிரப்பும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைப்பானேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மிளகுக்கு அன்று ஒரு கணக்கு பாக்கி இருந்தது. அஜிலிட்டி சாம்பியன் பட்டத்துக்கு 750 புள்ளி சேர வேண்டும். அதோடு, ஒரே நாளில் ஸ்டாண்டர்டு, ஜம்ப்பர்ஸ் என்ற இரண்டு ஓட்டங்களிலும் பிழையில்லாமல் ஓடிய நாட்கள் இருபது வேண்டும். புள்ளி எப்போதோ தாண்டிவிட்டோம். நாள் கணக்கில் பத்தொன்பதில் நின்றோம். நான்கு மாதமாகப் பத்தொன்பது. ஒரு வாரம் ஸ்டாண்டர்டில் தேறுவான், ஜம்ப்பர்ஸில் ஒரு கம்பு விழும். அடுத்த முறை தலைகீழாக நடக்கும்.

ஏன் கம்பு விழுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "முதுகில் இறுக்கம் இருக்கிறது. ஓடட்டும், ஆனால் உயரத்தைக் குறைத்துவிடுங்கள்" என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கும் வழி இருக்கிறது. 'பிரிஃபர்டு' என்று ஒரு பிரிவு, நான்கு அங்குலம் குறைத்துத் தாண்டலாம். மிளகின் 16 அங்குலம் 12 ஆகும். ஆனால் அங்கே கணக்கு தனி. இந்தப் பத்தொன்பது அங்கே செல்லாது, ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். இருபதாவது கிடைத்த மறுநாளே குறைத்துவிடலாம் என்று மருத்துவருக்கும் எனக்குமாக நானே ஒரு சமாதானம் செய்துவைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை மிளகின் ஸ்டாண்டர்டு. நடுவில் ஓரிடத்தில் பலகைப் பாலமும் டனல் வாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அப்படி வைப்பது நாயைக் குழப்பத்தான். "வாக்!" என்று கத்தினேன். மிளகு பாலத்தில் ஏறினான். கடைசிக் கம்பு வரை ஒரு பிழை இல்லை. பச்சை ரிப்பன். வெளியே வந்து கணவரிடம், "அந்த இடத்துல எப்படித் திருப்பினேன் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். இவருடைய 'ம்'முக்கு நாற்பது அர்த்தம் உண்டு, இருபது வருஷத்தில் பாதிதான் எனக்குப் பிடிபட்டிருக்கிறது.

பதினொரு மணிக்குச் சுண்டல். ஆறு கம்பங்களை முதல் முயற்சியிலேயே பின்னிவிட்டான். எனக்குத் தலை கால் புரியவில்லை. அடுத்து ஏ-ஃப்ரேம், அதற்கு இடப்பக்கம் ஒரு டனல். "ஏறு!" என்றேன். டனலுக்குள் போனான். "சுண்டல்!" என்று கூப்பிட்டேன். கொட்டகையே அதிர்ந்திருக்கும். வெளியே வந்து என்னைப் பார்த்தான். மறுபடியும் "ஏறு!" மறுபடியும் டனல். மூன்றாவது முறை என் எதிரே நின்று குரைக்க ஆரம்பித்தான். வள் வள் வள். பிறகு களத்தை இரண்டு சுற்று சுற்றினான், நடுவரின் காலணியை முகர்ந்தான், ஒரு மூலையில் போய் மண்ணைத் தோண்டினான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கேலியாக இல்லை, அங்கே எல்லாரும் இதைக் கடந்து வந்தவர்கள். எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. வாரை மாட்டினேன், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். மிளகு கம்பைத் தட்டிவிட்டு வந்தாலும் அவனுக்கு ஒரு துண்டு கோழி உண்டு. சுண்டலுக்கு அன்று கொடுக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். கையில்தான் டப்பா இருந்தது.

வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோது கவனித்தேன். சுண்டல் கொட்டாவி விட்டான், உதட்டை நக்கினான், மறுபடியும் கொட்டாவி. தூக்கம் வந்து விடுகிற கொட்டாவி இல்லை அது. நாய் மனம் கலங்கினால் அப்படித்தான் செய்யும். 'மூத்தது மோழை, இளையது காளை' என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ் என்று கணவரிடம் புலம்பினேன். "இவனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறலை."

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர். எத்தனையோ நாய்களை ஓட்டியவர், இப்போதும் ஒரு குட்டி பூடுலோடு வருகிறார். நான் எந்த மொழியில் புலம்பினாலும் புலம்பல் அவருக்குப் புரிந்திருக்கும். வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சுண்டலுடையதை அல்ல, மிளகுடையதை. பாலமும் டனலும் வரும் இடத்தில் நிறுத்தி, என் காலைக் காட்டினார்.

என் வாய் பாலம் என்கிறது. என் இரண்டு பாதமும் தோளும் டனலைப் பார்த்திருக்கின்றன. மிளகு அரை நொடி என்னைத் திரும்பிப் பார்க்கிறான். பிறகு என் காலைப் பொருட்படுத்தாமல், என் வார்த்தையை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறுகிறான். சுண்டலின் வீடியோவிலும் அதே பாதம், அதே தோள். அவன் என் உடம்பு காட்டிய இடத்துக்கு இரண்டு முறையும் சரியாகப் போயிருக்கிறான். திட்டு வாங்கியதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

"உன் பெரியவன் உனக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறான்" என்றார் பாட்டி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஏழு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டேன் என்று நினைத்ததில் எவ்வளவு மிளகு கற்றுக்கொண்டதோ தெரியவில்லை. நான் தாமதமாகச் சொன்னால் காத்திருந்தான், தப்பாகக் காட்டினால் திருத்திக்கொண்டான். நான் ரிப்பன் வாங்கினேன்.

உங்கள் வீட்டில் நாய் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். 'உட்கார்' என்றால் டக்கென்று உட்காரும்தானே? அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையை அசைக்காமல் அதே 'உட்கார்' சொல்லுங்கள். நிறைய நாய்கள் திகைத்து நிற்கும். நாம் சொன்னதாக நினைப்பது வார்த்தையை. அது படித்துவைத்திருப்பது நம் நிற்கும் விதத்தை, குனிவதை, கை தூக்குவதை. வார்த்தை மட்டும் போதும் என்ற நிலைக்கு வர வருஷங்கள் ஆகும், பொறுமையான நாயும் வேண்டும்.

மூன்று மணிக்கு மிளகின் ஜம்ப்பர்ஸ். காலையில் ஸ்டாண்டர்டு தேறிவிட்டதால், இதில் தேறினால் இருபது. களத்துக்கு வெளியே பழகிக்கொள்ள ஒற்றைக் கம்பு வைத்திருப்பார்கள். கூட்டிப்போனேன். முதல் தாண்டல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதில் கம்புக்கு முன்னால் ஒரு குட்டி அடி கூடுதலாக வைத்தான். மாடிப்படி ஏறுமுன் வயதானவர்கள் கைப்பிடியைத் தேடுவார்களே, அந்த மாதிரி. மூன்றாவதிலும் வைத்தான். ஆனால் தாண்டினான். தாண்டிவிட்டு வாலை ஆட்டியபடி என்னைப் பார்த்தான்.

உள்ளே கொண்டுபோனால் ஓடிவிடுவான் என்று எனக்குத் தெரியும். தேறியும் இருப்பான் என்றே நினைக்கிறேன். காலையில் பாலத்தின் முன் என்னைத் திரும்பிப் பார்த்த அந்த அரை நொடி மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. என் தப்பை அவன் சரிக்கட்டுவதற்கு ஒரு கணக்கு வேண்டாமா?

வாசலில் பெயர்ப் பலகையோடு நின்ற பெண்ணிடம் போய் மிளகின் பெயரை அடிக்கச் சொன்னேன். "நிச்சயமா?" என்று கேட்டார், அவருக்கும் பத்தொன்பது தெரியும். ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். திரும்பி வந்து சொன்னபோது கணவர், "சரி, இட்லி டப்பாவை எடு, பசிக்குது" என்றார். எனக்கு அழுகை வந்தது. மிளகாய்ப்பொடி காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறன்று சுண்டலை மட்டும் இறக்கினேன். மதிப்பெண் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், சத்தம் எழுப்பாத ஒரு பொம்மையோடு உள்ளே போய்ப் பயிற்சி எடுக்கலாம். களத்தை நடந்து பார்த்தபோது தடைகளின் எண்களைவிட என் செருப்பைத்தான் அதிகம் பார்த்தேன். எந்த அடியில் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று ஒரு பைத்தியக்காரி மாதிரி முணுமுணுத்துக்கொண்டு. இரண்டு கம்பு, ஏ-ஃப்ரேம், மஞ்சளில் பாதம், உடனே பொம்மை. அவ்வளவோடு வெளியே ஓடி வந்துவிட்டோம். பாட்டி கை தட்டினார். கோழி முழு டப்பாவும் காலி.

அடுத்த மாதப் போட்டிக்குப் படிவம் அனுப்பியாயிற்று. சுண்டல், நோவிஸ் பி. மிளகு, பிரிஃபர்டு, 12 அங்குலம்.

அம்மா நேற்று மறுபடி கூப்பிட்டாள். "என்னடி, கடைசில என்ன கெடச்சுது?"

"பச்சை ரிப்பன் ஒண்ணும்மா. மிளகு கழுத்துல கட்டி விட்டேன்."

"பத்திரமா எடுத்து வை."

"எங்கே வைக்கிறது, பத்தே நிமிஷத்துல சுண்டல் கடிச்சுத் தின்னுட்டான்."