ஏறி உட்கார், பெட்டி போகும்!

சிங்கப்பூர் மச்சான் போன தடவை வந்தபோது ஒரு பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். "மாப்ளே, இது பெட்டி இல்ல. வண்டி!"

பார்க்கச் சாதாரண சூட்கேஸ்தான். இழுத்தால் முன்னால் ஒரு ஹேண்டில்பார் வரும். பெட்டி மேல் உட்கார்ந்து கட்டைவிரலால் பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும். வீட்டு ஹாலில் ஓட்டிப் பார்த்தேன். டி.வி. ஸ்டாண்ட் ஒரு இன்ச்சில் தப்பியது. மனைவியிடம் நான் தப்பவில்லை.

மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969. பெட்டிக்குச் சக்கரம் வைக்கலாமே என்று பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் பேடண்ட் வாங்கியது 1972. நீளக் கைப்பிடியோடு நிமிர்த்தி இழுக்கிற பெட்டியை 1987ல் செய்தவர் ராபர்ட் பிளாத் என்கிற விமானி. (தூக்கித் தூக்கி அலுத்தவனுக்குத்தானே தோன்றும்!) இப்போது மோட்டார். அடுத்து, நாம் வீட்டிலேயே இருக்க, பெட்டி மட்டும் ஊருக்குப் போய்விட்டு வரும்.

ஆபீஸ் வேலையாக டெல்லிக்கு அனுப்பினார்கள். கூடவே மானேஜர். விடுவேனா? ஏர்போர்ட் மெட்ரோவில் இறங்கியதும் ஜம்மென்று ஏறி உட்கார்ந்தேன். மானேஜர் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கப் பின்னால் வந்தார். பத்து வருஷ சர்வீஸில் அவரை நான் முந்தியது அதுதான் முதல் தடவை. (ஒசாகாவில் நடைபாதையில் இப்படிப் போன ஒரு பெண் மீது 2024ல் லைசென்ஸ் இல்லை என்று போலீஸ் கேஸ் போட்டது. ஜப்பானில் இது மோட்டார் வண்டிக் கணக்கு. இதை நான் படித்தது டெல்லி போய்ச் சேர்ந்த பிறகு.)

கவுண்டரில் மாட்டினேன்.

"சார், பேட்டரியைக் கழட்டிடுங்க."

"சின்ன பேட்டரிதாம்மா..."

அந்தப் பெண் பொறுமையாக விளக்கியது. லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் லேசில் அணையாது. நம்மோடு மேலே இருந்தால் புகை வந்ததும் யாராவது பார்ப்பார்கள். அடியில், லக்கேஜ் அறையில் பற்றினால்? ஆகவே பெட்டி கீழே, பேட்டரி கையில். அதுவும் 100 வாட்-ஹவர் வரைதான். அதற்கு மேல் 160 வரை என்றால் விமானக் கம்பெனி சம்மதிக்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். என்னுடையது 36 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர். ஆக 72. பாஸ்! பிளஸ் டூ பிஸிக்ஸில்கூட நான் இவ்வளவு சந்தோஷமாகப் பாஸானதில்லை.

பெட்டியையே கையோடு கொண்டுபோகலாமே என்றால், அதற்கு அனுமதி 7 கிலோ. மோட்டாரோடு வெறும் பெட்டியே அதைத் தாண்டுகிறது.

கழட்டவே முடியாத பேட்டரி வைத்த பெட்டிகளும் இருந்தன. 2018 ஜனவரியில் சில அமெரிக்க விமானக் கம்பெனிகள் அவற்றை ஏற்ற மறுத்தன. அந்த மே மாதமே புளூஸ்மார்ட் என்ற பெட்டிக் கம்பெனி கடையைக் கட்டியது. மச்சான் வாங்கியது கழட்டுகிற ஜாதி. ஆனால் ஒரு ஸ்க்ரூ இருந்தது. "ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்று ஏர்போர்ட்டில் சத்தமாகக் கேட்டுப் பாருங்கள். திரும்பிப் பார்த்த நாலு பேரில் ஒருத்தர் கையில் துப்பாக்கி.

கடைசியில் மானேஜர்தான் ஒரு ரூபாய்க் காசு கொடுத்தார். "நீங்க மெதுவா திருகிட்டு வாங்க. நான் முன்னால போறேன்." முந்திவிட்டார்.

சரி, ரயிலில் இந்த வம்பெல்லாம் இல்லையே என்று, திருச்சியிலிருந்து அப்பாவைக் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்கு அழைத்துப் போனபோது அதையே எடுத்தேன். படிக்கட்டில் மோட்டார் என்ன செய்யும்? நான் மூச்சு வாங்கத் தூக்கினேன். ஸீட்டுக்கு அடியில் நுழையவில்லை. நடுவில் நிறுத்தினேன். மதுரை வரை போகிற வருகிற முழங்கால் எல்லாம் அதில் இடித்து, திட்டு எனக்கு.

"எங்க காலத்து டிரங்குப் பெட்டி இதைவிடத் தேவலை" என்றார் அப்பா.

ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு திரும்பும்போதுதான் சிக்கல். எங்கள் கோச் பிளாட்பாரத்தின் அந்தக் கோடி. அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. வீல்சேர் என்று வாயெடுத்தாலே, "நான் என்ன நோயாளியா?" என்று எரிந்து விழுந்தார். சும்மா சொல்லிப் பார்த்தேன்: "இந்தப் பெட்டி மேல உட்காருங்கப்பா."

ஒரு நிமிஷம் யோசித்தார். வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்! ஹேண்டில்பாரைப் பிடித்த தோரணையைப் பார்க்க வேண்டுமே... பட்டனை அழுத்தினேன். அசையவில்லை. ராத்திரி சார்ஜ் போட மறந்திருக்கிறேன்.

தள்ளினேன். மொத்தப் பிளாட்பாரமும் வேடிக்கை பார்த்தது. டீ விற்கிற பையன் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தான். அப்பா யாரையும் சட்டை செய்யவில்லை. எனக்கு எட்டாத தூரத்தில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஸ்-3 போட்டிருக்கான் பாரு. அதானே நம்ம கோச்? தள்ளுடா வேகமா!"