நிற்கும் நேரம் யார் கணக்கில்?

துறைமுக வாசலில் லாரி டிரைவரிடம் அடையாள அட்டை கேட்பதை நான் எதிர்க்கவில்லை. அந்த அட்டை ஒரு பக்கம் மட்டுமே பேசுகிறது என்பதுதான் என் சண்டை.

எனக்கு ஊர் வானூர். கல்குவாரி இருக்கிற பக்கம் என்பதால் லாரி ஓட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அதில் சிலர் திண்டிவனம் தாண்டி, சென்னைத் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் வண்டி ஓட்டப் போனார்கள். “ஓட்றது கஷ்டமில்ல தம்பி, நிக்கிறதுதான் கஷ்டம்” என்பார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அமெரிக்கா துறைமுகத் தொழிலாளர்களுக்கும் டிரைவர்களுக்கும் ‘டிவிக்’ என்ற அட்டையைக் கொண்டுவந்தது. ஐந்து வருடம் செல்லும். கட்டணம் வாங்குபவர் தலையில். 2011இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஆளனுப்பிச் சோதித்தது. போலி அட்டையோடு போனவர்கள் துறைமுகங்களுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

நம் கதை என்ன? 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான், மணலியில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 37 கண்டெய்னர்களில் கிடப்பது ஊருக்கே தெரிந்தது. சுங்கத்துறை 2015இல் பறிமுதல் செய்த சரக்கு அது. ஐந்து வருடம் அதை அங்கே உட்கார வைத்தது எந்த டிரைவரும் இல்லை. நகராத ஃபைல்தான்.

“அப்போ யார் வேணா உள்ளே போகலாமா?” என்று கேட்பீர்கள். கூடாது. ஆனால் நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு செயலியில் லாக்-இன் பத்து வினாடி இழுத்தால் நடுராத்திரியில் எங்களுக்குத்தான் போன் வரும். எங்கள் தொழிலில் தாமதம் சிஸ்டத்தின் குற்றம். துறைமுக வாசலில் மட்டும் அது எப்படி டிரைவரின் தலையெழுத்து ஆகிறது?

அட்டை வேறு மாதிரியும் இருக்கலாம். கப்பல் மாலுமிகளுக்கான அடையாள ஆவணம் பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2003இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. 2015இல் இந்தியா அதை ஏற்றது. 2019இல் முகப் பதிவோடு அட்டை கொடுக்கத் தொடங்கியது. அந்த ஒப்பந்தம் மாலுமியைச் சோதிப்பதோடு நிற்கவில்லை. ஏற்றுக்கொண்ட நாடுகளின் துறைமுகங்களில் விசா இல்லாமல் கரையிறங்கும் உரிமையையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. கடல் வழியாக வருகிறவருக்கு எழுத முடிந்ததை, சாலை வழியாக வருகிறவருக்கு ஏன் எழுத முடியாது?

டிரைவர் வரிசையில் சேர்ந்த நேரத்தை அந்த அட்டையிலேயே பதியுங்கள். ஒரு வரம்புக்கு மேல் காத்திருந்தால், தாமதத்துக்குக் காரணமானவர் டிரைவர் கையில் கூலி கொடுக்கட்டும். உள்ளே விட மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி வையுங்கள். அமெரிக்காவின் டிவிக்கில்கூட மேல்முறையீடு உண்டு. வரிசை நிற்கும் சாலையில் கழிப்பறையும் குடிதண்ணீரும் வையுங்கள்.

இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். டேட்டாபேஸில் இன்னும் ஒரு காலம் போதும்: வந்து சேர்ந்த நேரம்.